கொழும்பில் பழைய ஜப்பானிய ஸ்போர்ட்ஸ் காரை விற்பது: உடற்கூடும் பதிவும் முதலில்

ஹொண்டா சிவிக் ஈ.ஜி. அல்லது ஈ.கே. (1990களின் இரண்டு சிவிக் தலைமுறைகளின் குறியீடுகள்), டொயோட்டா லெவின், ஸ்டார்லட் டர்போ, மிட்சுபிஷி லான்சர் எவலூஷன், சுபாரு டபிள்யு.ஆர்.எக்ஸ். போன்ற ஒரு காரைக் கொழும்பில் விற்க முடிவு செய்தவருக்கு, குடும்பக் காரை விற்பவர் செய்யும் ஆயத்தங்கள் போதமாட்டா. சில வேளைகளில் அவை தீங்காகவும் முடியும். விட்ஸையோ அல்டோவையோ வாங்க வருபவர் நாளைக் காலை அலுவலகம் போகக் கார் தேடுகிறார். அவருக்குப் புதிய பெயின்டும் புதிய இருக்கை உறையும் மனதுக்குப் பிடிக்கும். பழைய ஸ்போர்ட்ஸ் காரை வாங்க வருபவரோ, வாங்கிய மாதமே அதைக் கழற்றத் தொடங்குவார். இருக்கையை மாற்றுவார், சில்லுகளை மாற்றுவார், சஸ்பென்ஷனை மாற்றுவார், கையில் காசு இருந்தால் இயந்திரத்தையே மாற்றுவார். அவரால் மாற்ற முடியாதவை இரண்டே: காரின் உடற்கூடும் அதன் பதிவும். அவர் உண்மையில் விலை கொடுப்பது அவ்விரண்டுக்குமே என்பதால், விற்பவரும் தம்முடைய நேரத்தையும் செலவையும் அவ்விரண்டிலும் இட வேண்டும் என்பதே இக்கட்டுரையின் நிலைப்பாடு.

இங்கே இந்தக் கார்களின் தொகை கூடப்போவதில்லை. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில் மீண்டும் அனுமதிக்கப்பட்டது. ஆனால் பாவித்த கார்களுக்கு விதிக்கப்பட்டுள்ள வயது எல்லைக்குள், 1990களில் ஜப்பானில் செய்யப்பட்ட ஒரு கார் வர வழியே இல்லை. இன்று இலங்கை வீதிகளில் ஓடும் ஈ.ஜி.களும் ஈ.கே.களும் முன்னரே வந்து இறங்கியவை. ஒவ்வொரு விபத்திலும் ஒவ்வொரு மழைக்காலத் துருவிலும் அவற்றின் எண்ணிக்கை குறைந்துகொண்டே போகிறது. ஆகவே நல்ல உடற்கூடும் சரியான பதிவும் உள்ள காரை அவசரப்பட்டு விற்க வேண்டிய தேவை எவருக்கும் இல்லை. ஓரிரு மாதங்கள் ஒதுக்கி, கீழே சொல்லப்படும் வேலைகளை முடித்துவிட்டு விளம்பரம் செய்வது நல்லது.

பதிவும் எண்களும்

எல்லோரும் ‘சி.ஆர்.’ என்று அழைக்கும் வாகனப் பதிவுச் சான்றிதழைக் கையில் எடுத்துக்கொண்டு பொனட்டைத் திறவுங்கள். சிவிக் ஈ.ஜி., ஈ.கே. வகைகளில் சேசிஸ் எண், இயந்திரத்துக்கும் சாரதி அறைக்கும் இடையிலுள்ள தகட்டுச் சுவரில் அடிக்கப்பட்டிருக்கும். அதை மெல்லிய துணியால் துடைத்து, சான்றிதழிலுள்ள எண்ணோடு ஒவ்வோர் இலக்கமாக ஒப்பிட வேண்டும். எண்ணைச் சுற்றிப் பெயின்ட் தடித்திருந்தால், அல்லது அந்தத் தகட்டில் வெல்டிங் செய்த தடம் இருந்தால், அதற்கான காரணத்தை நீங்கள் அறிந்திருக்க வேண்டும், ஏனெனில் வாங்க வருபவர் டோர்ச்சுடன் முதலில் குனியும் இடம் அதுதான். உதிரிப் பாகமாக வந்த உடலில் வேறொரு வாகனத்தின் எண்ணைப் பொருத்திப் பதிவு செய்யும் மோசடிகள் இந்நாட்டில் நடந்திருப்பதால், அனுபவமுள்ள எவரும் இந்த ஒரு விடயத்தில் நம்பிக்கையின் பேரில் காசு கொடுப்பதில்லை.

அடுத்தது இயந்திர எண். ஹொண்டாவின் பி வரிசை இயந்திரங்களில் அது கியர்பொக்ஸ் இணையும் முனைக்கு அருகே, பிளொக்கிலேயே அடிக்கப்பட்டிருக்கும். எண்ணெயும் தூசியும் படிந்து பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியாது. மண்ணெண்ணெய் நனைத்த துணியால் துடைத்தால் எண் தெளிவாக வரும். இங்கேதான் பலருடைய வியாபாரம் முறிந்துபோகிறது. ஈ.கே.3 சிவிக்கில் தொழிற்சாலை பொருத்திய 1.5 லீற்றர் டி15பி இயந்திரத்தை இறக்கிவிட்டு, பாவித்த உதிரிப் பாகங்களுக்குப் பெயர்பெற்ற பஞ்சிகாவத்தைக் கடையொன்றில் வாங்கிய ஹாஃப் கட்டிலிருந்து (இயந்திரத்தோடு வெட்டி இறக்குமதி செய்யப்பட்ட முன்பாதிக் கார்) பி16ஏ இயந்திரத்தை ஏற்றுவது கொழும்பில் பரவலாக நடக்கும் வேலை. வேலை நேர்த்தியாக நடந்திருந்தால் அது காரின் மதிப்பைக் கூட்டும். ஆனால் சான்றிதழில் இன்னும் பழைய இயந்திர எண்ணும் பழைய கொள்ளளவும் இருந்தால், அதே மாற்றம் மதிப்பைக் குறைத்துவிடும். பெயர் மாற்றத்திலும் காப்புறுதியிலும் அது நேரடியாகச் சிக்கலைக் கொண்டுவரும். இயந்திரம் வாங்கிய பற்றுச்சீட்டையும் கடைக்காரர் தந்த இறக்குமதி ஆவணப் பிரதியையும் எடுத்துக்கொண்டு மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்துக்குச் சென்று, மாற்றத்தைப் பதிவு செய்துவிட்டே விளம்பரம் போடுங்கள். பற்றுச்சீட்டு இல்லாவிட்டால், கடையைத் தேடிப் போய்க் கேட்டுப் பார்ப்பது வீண் வேலையல்ல. காரின் நிறம் மாற்றப்பட்டிருந்தால் அதையும் இதே பயணத்தில் சரிசெய்துகொள்ளலாம்.

காரின் உண்மையான வகையை அதன் சேசிஸ் எண்ணின் முன்பகுதி சொல்லிவிடும். 1997இல் வெளிவந்த சிவிக் டைப் ஆர் காரின் எண் ‘ஈ.கே.9’ என்று தொடங்கும், அதன் 1.6 லீற்றர் பி16பி இயந்திரம் 185 பி.எஸ். (மெட்ரிக் குதிரைவலு) தந்தது. ஈ.கே.3 உடலில் சிவப்பு ‘எச்’ சின்னத்தையும் டைப் ஆர் முன் பம்பர் உதட்டையும் சிவப்பு ரெகாரோ இருக்கைகளையும் பொருத்தினால் கார் அழகாக இருக்கும், அதில் தவறில்லை. ஆனால் விளம்பரத்தில் அதை ‘டைப் ஆர்’ என்று எழுதக்கூடாது. ‘ஈ.கே.3, டைப் ஆர் தோற்றத்துக்கு மாற்றப்பட்டது’ என்று எழுதினால், அதைத் தேடும் ஆள் அதற்குரிய விலையுடன் வருவார். மற்றவர்களின் வீண் வருகையும் வாக்குவாதமும் மிச்சமாகும்.

சான்றிதழில் ‘முழு உரிமையாளர்’ என்ற இடத்தில் லீசிங் நிறுவனத்தின் பெயரோ வங்கியின் பெயரோ இன்னும் இருந்தால், கடன் முடிந்து பல வருடங்கள் கடந்திருந்தாலும், அதை நீக்குவதற்கான கடிதத்தை அந்த நிறுவனத்திடம் பெற்றுத் திணைக்களத்தில் கொடுக்க வேண்டும். முன்னைய உரிமையாளர் கையொப்பமிட்டுத் தந்த தாள்களை மட்டும் வைத்துக்கொண்டு, தம் பெயருக்கு மாற்றாமலே காரை ஓட்டியவர்களும் நம்மிடையே பலர். ‘ஓபன் பேப்பர்’ என்று சாதாரணமாகச் சொல்லப்படும் இந்நிலையில் உள்ள காரை விற்பதற்கு முன், செலவு பார்க்காமல் உங்கள் பெயருக்கு மாற்றிக்கொள்ளுங்கள். அந்தச் செலவைவிடப் பல மடங்கு தொகையை வாங்குபவர் விலையில் கழித்துக் கேட்பார், அவர் கேட்பதிலும் நியாயம் உண்டு.

கொழும்புத் தமிழ்க் குடும்பங்களில் இன்னொரு நிலை அடிக்கடி எழும். கார் கனடாவிலோ லண்டனிலோ இருக்கும் அண்ணனின் பெயரில் இருக்கும். வெள்ளவத்தை வீட்டில் தம்பி அதைப் பாவித்துக்கொண்டிருப்பார். இவ்வாறான காரை விற்க அண்ணன் வட்ஸ்அப்பில் தரும் சம்மதம் எந்தப் பயனும் தராது. அவர் அங்குள்ள இலங்கைத் தூதரகத்தில் அல்லது உயர்ஸ்தானிகராலயத்தில் உறுதிப்படுத்திய அற்றோணித் தத்துவத்தை அனுப்ப வேண்டும்; அதில் இந்த வாகனத்தின் எண்ணும், விற்கவும் கையொப்பமிடவும் தரப்படும் அதிகாரமும் வெளிப்படையாக எழுதப்பட்டிருக்க வேண்டும். அது இங்கு வந்து பதிவாகும் வரை காலம் எடுக்கும் என்பதால், விற்கும் எண்ணம் தோன்றியவுடனேயே இதைத் தொடங்கிவிட வேண்டும்.

வருடாந்த வருமான அனுமதிப்பத்திரம், புகைப் பரிசோதனைச் சான்றிதழ், காப்புறுதி ஆகிய மூன்றும் நடைமுறையில் இருக்க வேண்டும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. அனுமதிப்பத்திரம் காலாவதியான கார், நிறுத்தி வைக்கப்பட்ட காராகவே மதிப்பிடப்படும்.

உடற்கூட்டின் நிலை

கொழும்பில் கடலுக்கு அருகே வாழ்பவர்கள் இதை மனதில் கொள்ள வேண்டும். மரைன் டிரைவ் ஓரத்திலும் அதற்கு இறங்கும் ஒழுங்கைகளிலும் இரவு பகலாக நிற்கும் காரின் மீது உப்புக் காற்று ஓயாமல் படிகிறது. ஈ.ஜி., ஈ.கே. சிவிக்குகள் பின்சில்லு வளைவுகளில்தான் முதலில் துருப்பிடிக்கும். வெளித்தகடும் உள்தகடும் மடிந்து சேரும் விளிம்பில் சேறும் ஈரமும் தங்கி, உள்ளிருந்து அரித்து, ஒரு நாள் பெயின்ட் சிறு கொப்புளமாக எழும். அந்தக் கொப்புளத்தை நகத்தால் அழுத்திப் பாருங்கள். உள்ளே போனால் தகடு முடிந்துவிட்டது என்று பொருள். அதன் பின் கதவுகளின் கீழுள்ள நீண்ட படித்தகடு, ஸ்பெயார் சில்லு வைக்கும் குழி, பின்விளக்குகளின் கீழ்ப்பகுதி, முன்கண்ணாடியின் அடிவிளிம்பு ஆகியவற்றைப் பாருங்கள். ஸ்பெயார் சில்லைத் தூக்கி அடியில் தண்ணீர் தேங்கியிருக்கிறதா என்று கையால் தடவிப் பார்ப்பது ஒரு நிமிட வேலை; தண்ணீர் இருந்தால் பின்விளக்கு ரப்பரோ டிக்கி ரப்பரோ கசிகிறது, அதற்கு ரப்பர் மாற்றினால் போதும்.

துருவை எவ்வாறு சரிசெய்வது என்பதில் என் கருத்து உறுதியானது. தகட்டை வெட்டி, புதுத் தகடு வைத்து வெல்ட் செய்யக்கூடிய நல்ல டிங்கரிங் பாஸ் ஒருவர் உங்களுக்குத் தெரிந்திருந்தால், வேலை நடக்கும்போது ஒவ்வொரு கட்டத்திலும் படம் எடுத்துச் சரிசெய்யுங்கள். அப்படியான ஆள் இல்லாவிட்டால் துருவை உள்ளபடியே விட்டு, அதைப் படம் எடுத்து விளம்பரத்தில் போடுங்கள். புட்டி பூசி, மேலே புதுப் பெயின்ட் அடித்து, அடிப்பகுதி முழுவதும் துரு தடுக்கும் கறுப்பு அண்டர்சீல் பூசி விற்பது வாங்குபவரை ஏமாற்றுவதாகும். அது பலிக்கவும் மாட்டாது. இந்தக் கார்களை வாங்க வருபவர்கள் துணியில் சுற்றிய காந்தத்துடன் வருவார்கள். காந்தம் ஒட்டாத இடத்தில் புட்டி இருப்பது அவர்களுக்குத் தெரியும், புதிதாகப் பூசிய அண்டர்சீலைக் கண்டால் அடியில் என்ன மறைந்திருக்கிறது என்ற சந்தேகம் தானாக எழும். வெயிலில் மங்கிய பழைய பெயின்டும் கண்ணுக்குத் தெரியும் நேர்மையான துருவும் உள்ள கார், விலையில் சிறிது குறைந்தாலும் விரைவாக விற்கும்.

காரை ஒரு சேர்விஸ் நிலையத்தில் வாகனம் தூக்கும் ரம்பில் ஏற்றி, அடிப்பகுதியைக் கழுவி, நன்கு உலர்ந்த பின் படங்கள் எடுங்கள். முன்பக்க இரண்டு நீண்ட சட்டங்களும் நேராக இருக்கின்றனவா, ஜாக்கி வைக்கும் விளிம்புகள் மடிந்திருக்கின்றனவா, சஸ்பென்ஷன் பொருந்தும் மேல்கோபுரங்களில் வெடிப்போ வெல்டிங்கோ உள்ளதா என்பவை தெரிய வேண்டும். இதுவரை யாராவது ரோல் கேஜ் (கார் புரண்டால் ஆளைக் காக்கும் உட்புறக் குழாய்ச் சட்டம்) பொருத்த தளத்தில் துளையிட்டிருந்தால், அகன்ற டயருக்காகச் சில்லு வளைவின் உள்விளிம்பை மடித்திருந்தால், முன்பக்கம் மோதி ரேடியேட்டர் சட்டம் மாற்றப்பட்டிருந்தால், அவற்றையும் ஒரு தாளில் எழுதி வையுங்கள். பந்தயத்துக்கென வாங்குபவருக்கு ரோல் கேஜ் துளை ஒரு குறையே அல்ல. பழைய நிலைக்குத் திருப்ப வாங்குபவருக்கு அது பெரிய குறை. எவர் வருவார் என்பது தெரியாத நிலையில் முழுவதையும் சொல்வதே சரி.

இயந்திரமும் கழற்றி வைத்த பாகங்களும்

இயந்திரத்தைப் பொறுத்தவரை நான்கு சிலிண்டர்களின் கம்ப்ரெஷன் (உள்ளழுத்த) அளவை ஒரு கராஜில் எடுத்து, திகதியுடன் எழுதி வாங்கி வைத்தால் வாய்ப்பேச்சு பாதியாகக் குறையும். எண் எவ்வளவு உயரம் என்பதோடு நான்குக்கும் இடையிலான வித்தியாசமும் முக்கியம். ஹொண்டாவின் திருத்தக் கைநூல் அனுமதிப்பது 200 கிலோபாஸ்கல், ஏறத்தாழ 28 பி.எஸ்.ஐ. வரையான வித்தியாசம். டைமிங் பெல்ட் எப்போது, எத்தனை கிலோமீற்றரில் மாற்றப்பட்டது என்பதற்கு ரசீது இருந்தால் காட்டுங்கள். இல்லாவிட்டால், மாற்றப்படவில்லை என்று எடுத்துக்கொள்ளச் சொல்லி விலையில் இடம் விடுங்கள்.

எந்தப் பெற்றோல் ஊற்றினீர்கள் என்ற கேள்வி நிச்சயம் வரும். இந்தக் கார்களின் வலு கூடிய இயந்திரங்கள் ஜப்பானின் உயர் ஒக்டேன் பெற்றோலுக்காகச் செய்யப்பட்டவை, லெவின் ஏ.ஈ.111 காரிலுள்ள 20 வால்வு 4ஏ-ஜி.ஈ. இயந்திரத்தின் அழுத்த விகிதம் 11க்கு 1, பி16பியினுடையது 10.8க்கு 1. இவற்றில் வருடக் கணக்காக ஒக்டேன் 92 ஊற்றி, மேட்டில் ஏறும்போது இயந்திரம் தட்டும் சத்தத்தையும் கேட்காமல் ஓட்டியிருந்தால், பிஸ்டன்களுக்குச் சேதம் வந்திருக்கக்கூடும். ஒக்டேன் 95 மட்டுமே ஊற்றியவர் அதைச் சொல்லத் தயங்கவே வேண்டாம், அது விற்பனைக்கு உதவும் செய்தி. இதோடு சேர்ந்த இன்னொரு விடயம் 2022ஆம் ஆண்டு. எரிபொருள் நெருக்கடியின்போது தேசிய எரிபொருள் அட்டையில் கார்களுக்கு வாரம் 20 லீற்றர் என்று தொடங்கிய காலத்தில், இரண்டாவது காராக இருந்த பல ஸ்போர்ட்ஸ் கார்கள் மூடுதுணிக்குள் மாதக் கணக்கில் நின்றன. தாங்கியில் பழுதான பெற்றோல், இறுகிய பிரேக் கலிப்பர், அடைத்த இன்ஜெக்டர், தட்டையான டயர் ஆகியவை அந்த நிறுத்தத்தின் விளைவுகள். உங்கள் கார் அப்படி நின்றிருந்தால், அதன் பின் என்னென்ன திருத்தினீர்கள் என்பதைச் சேர்த்துச் சொல்லுங்கள்.

கியர்பொக்ஸில் இரண்டாம், மூன்றாம் கியர்கள் உயர் சுழற்சியில் விழும்போது உராயும் சத்தம் வருகிறதா என்று நீங்களே முதலில் ஓட்டிப் பாருங்கள். பி வரிசைப் பெட்டிகளில், கியர்களை உராயாமல் இணைக்கும் சிங்க்ரோ வளையங்கள் தேய்வது வழமை.

இப்போது கழற்றி வைத்த பாகங்கள். காரை மாற்றியமைத்தவர்களின் வீட்டில் கட்டிலுக்கு அடியிலும் மாடிப்படிக்குக் கீழும் மொட்டைமாடித் தகரக் கொட்டிலிலும் அவை கிடக்கும்: தொழிற்சாலை ஸ்டியரிங், காற்று வடிகட்டிப் பெட்டி, ஸ்பிரிங்குகள், சைலன்சர், இருக்கைகள், கதவு உள்தகடுகள், மூல ஈ.சி.யூ. (இயந்திரத்தைக் கட்டுப்படுத்தும் கணினிப் பெட்டி), ஜப்பானிய மொழிக் கைநூல்கூட. இவை வீட்டில் இடத்தைப் பிடித்துக்கொண்டிருந்த பழஞ்சாமான் என்று நினைத்து இரும்புக் கடைக்குக் கொடுத்துவிடாதீர்கள். ஈ.ஜி. எஸ்.ஐ.ஆர். காரின் ‘பி30’ ஈ.சி.யூ.வோ உடையாத டாஷ்போர்டோ இன்று பஞ்சிகாவத்தையில் தேடினாலும் எளிதில் கிடைப்பதில்லை. எல்லாவற்றையும் துடைத்து, பட்டியல் எழுதி, ஒரே தளத்தில் அடுக்கி ஒரு படம் எடுங்கள். என் அனுபவத்தில் அந்த ஒரு படத்தைப் பார்த்துவிட்டு வரும் அழைப்புகள், காரின் பக்கவாட்டுப் படத்தைப் பார்த்து வருபவற்றைவிடத் தரமானவை, ஏனெனில் பாகங்களின் அருமை தெரிந்தவர்களே அதைப் பார்த்து அழைப்பார்கள்.

விலையுயர்ந்த மேலதிகப் பாகங்களைத் தனியாக விற்பதா, காருடன் விற்பதா என்பதை விளம்பரத்துக்கு முன்னரே முடிவு செய்யுங்கள். ரேஸ் (Rays) நிறுவனத்தின் உண்மையான டி.ஈ.37 சில்லுகள், ரெகாரோ இருக்கைகள் போன்றவற்றுக்குத் தனிச் சந்தை உண்டு. காருடன் சேர்த்தால் அவற்றின் முழு விலையும் திரும்புவது அரிது. அவற்றைக் கழற்றித் தொழிற்சாலைச் சில்லுகளையும் இருக்கைகளையும் மீண்டும் பொருத்தினால், கார் நிற்கும் தோற்றமும் சாந்தமாகும், பதிவோடும் ஒத்துப்போகும். ஒன்றை மட்டும் செய்யாதீர்கள்: படத்தில் ஒரு சில்லுத் தொகுதியைக் காட்டிவிட்டு, ஆள் வரும் நாளில் வேறொன்றைப் பொருத்தி நிறுத்துவது. பிரதி செய்யப்பட்ட சில்லுகள் என்றால் பிரதி என்றே எழுதுங்கள்.

சைலன்சரைப் பற்றியும் சொல்ல வேண்டும். உரத்த சத்தமிடும் குழாய், கண்ணைக் கூச வைக்கும் விளக்குகள், கறுப்பாக ஒட்டிய கண்ணாடி ஆகியவற்றுக்காகப் பொலிஸார் வாகனங்களை நிறுத்துவது வழமை. பரீட்சார்த்தமாக ஓட்டும் அன்று உங்கள் கார் அவ்வாறு நிறுத்தப்பட்டால் அந்த வியாபாரம் அங்கேயே முடிந்துவிடும். புகைப் பரிசோதனையில் சித்தியடையும் நிலையில், தொழிற்சாலைக் குழாயுடன் காரைக் காட்டி, உரத்த குழாயைப் பாகங்களின் பட்டியலில் சேர்த்துக் கொடுப்பதே சிறந்தது.

விலை

இணையத்தில் வெளிநாட்டு ஏல விலைகளைப் பார்த்துவிட்டு இங்கே விலை சொல்பவர்கள் பல மாதங்கள் காத்திருந்து களைத்துப்போவார்கள். ஐக்கிய அமெரிக்காவில் 25 ஆண்டுகள் நிறைந்த கார்களைத் தராதரக் கட்டுப்பாடின்றி இறக்குமதி செய்யலாம் என்பதால், 1990களின் ஜப்பானியக் கார்களுக்கு அங்கிருந்து பெரும் கேள்வி எழுந்து, ஜப்பானிலேயே விலை ஏறியது. அந்தப் பணம் கொழும்பில் உங்கள் வாசலுக்கு வரப்போவதில்லை. இக்மன், ரியசெவன ஆகிய இணைய விளம்பரத் தளங்களில் இதே வகைக் கார்களைச் சில வாரங்கள் தொடர்ந்து கவனித்து, எந்த விளம்பரம் விரைவில் மறைகிறது, எது மாதக் கணக்கில் கிடக்கிறது என்று குறித்து வையுங்கள். விரைவில் மறைந்தவற்றின் விலைதான் சந்தை விலைக்கு அருகில் இருக்கும்.

நீங்கள் மாற்றங்களுக்குச் செலவழித்த தொகையை அடிப்படை விலையோடு கூட்டிக் கணக்கிட வேண்டாம். உங்கள் ரசனைக்குச் செய்த வேலைக்கு இன்னொருவர் அதே விலை தரக் கடமைப்பட்டவரல்லர். பதிவு செய்யப்பட்ட இயந்திர மாற்றம், நல்ல பிரேக், லிமிட்டட் ஸ்லிப் டிஃபெரென்ஷல் (ஒரு சில்லு மட்டும் வீணாகச் சுழலாமல் தடுக்கும் பல்சக்கரத் தொகுதி) போன்றவை ஓரளவு விலையைத் தாங்கும். ஒலித்தொகுதியும் அகன்ற பம்பரும் தாங்கமாட்டா. எதற்குக் கீழே போகமாட்டீர்கள் என்ற தொகையை வீட்டாருடன் பேசி முன்னரே முடிவு செய்து, அதை வெளியில் எவரிடமும் சொல்லாமல் வையுங்கள். புரோக்கரிடமும்தான்.

காலத்தையும் பாருங்கள். 1934 முதல் நடந்துவரும் மகாகஸ்தோட்டை மலையேற்றப் போட்டியும் நுவரெலியா வீதிப் பந்தயமும் ஏப்ரல் பருவத்தோடு சேர்ந்தவை. பந்தயத்துக்கு உடற்கூடு தேடுபவர், காரைக் கட்டி முடிக்கச் சில மாதங்கள் வேண்டும் என்பதால், ஏப்ரலுக்கு வெகு முன்னரே தேடத் தொடங்குவார். போட்டிப் பிரிவுகள் இயந்திரக் கொள்ளளவை வைத்து வகுக்கப்படுவதால், சான்றிதழிலும் இயந்திரத்திலும் உள்ள கொள்ளளவை விளம்பரத்தில் தெளிவாக எழுதுங்கள்.

விளம்பரமும் வருகையும்

வாங்குபவர் சிங்களவராகவோ தமிழராகவோ முஸ்லிமாகவோ இருக்கலாம் என்பதால், தமிழோடு சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் விளம்பரம் எழுதுவது பயன் தரும். சிங்களத்தில் எழுதத் தெரிந்த நண்பரைக் கொண்டு எழுதுவியுங்கள். இயந்திர மொழிபெயர்ப்பு பாகங்களின் பெயர்களைக் கெடுத்துவிடும். வகை, செய்த ஆண்டு, பதிவு ஆண்டு, எத்தனையாவது உரிமையாளர், மாற்றங்கள், குறைகள், சேர்த்துக் கொடுக்கும் பாகங்கள், விலை என்ற ஒழுங்கில் எழுதினால் போதும். சேசிஸ் எண்ணைப் பொதுவெளியில் முழுமையாகக் காட்ட வேண்டாம்; உண்மையாக வர விரும்புபவர் கேட்டால் அனுப்புங்கள்.

முதல் நாளிலேயே, “அண்ணா, கடைசி விலை என்ன?” என்று தொலைபேசியில் கேட்பவர்கள் பலர் இருப்பார்கள். “தம்பி, வந்து காரைப் பாருங்கோ, அடியையும் பாருங்கோ, பிறகு விலை பேசுவம்” என்று அமைதியாகச் சொல்லிவிடுங்கள். காரைப் பாராமல் விலையைக் குறைத்தால், வந்து பார்த்த பின் இன்னொரு தடவை குறைக்க வேண்டிவரும். மாறாக, டைமிங் பெல்ட்டையும் துருவையும் பற்றிக் கேட்பவருக்கு நேரம் ஒதுக்கி விரிவாகப் பதில் சொல்லுங்கள். பெரும்பாலும் அவரே வாங்குவார்.

பார்க்க வரச் சொல்லும் நேரம் பகலாக இருக்க வேண்டும். அவர் வரும் வரை இயந்திரத்தைத் தொடாதீர்கள். குளிர்ந்த இயந்திரம் முதல் தடவையிலேயே பிடித்து, நீலப் புகை இல்லாமல், சுழற்சி தளம்பாமல் நிற்பதை அவர் தம் கண்ணால் பார்ப்பது உங்கள் எந்த வார்த்தையையும்விட வலுவானது. முன்கூட்டியே சூடாக்கி வைத்திருந்தால், பொனட்டில் கை வைத்தவுடனேயே அவர் முகம் மாறிவிடும்.

ஓட்டிப் பார்க்கக் கொடுப்பதற்கு முன் தேசிய அடையாள அட்டையையும் சாரதி அனுமதிப்பத்திரத்தையும் பார்த்துப் படம் எடுத்துக்கொள்ளுங்கள்; காப்புறுதி வேறொருவர் ஓட்டுவதை அனுமதிக்கிறதா என்பதை முன்னரே கேட்டறியுங்கள். முதலில் நீங்கள் ஓட்டி, அவர் பக்கத்து இருக்கையில் இருந்து கேட்கட்டும். பிறகு இடம் மாறுங்கள். காலி வீதி நெரிசலில் ஓட்டிக் காட்டுவதில் பயனில்லை. ஞாயிறு காலை பத்தரமுல்லைப் பக்கம் போனால் நேரான அமைதியான வீதிகள் உண்டு; அங்கே சட்டத்துக்குட்பட்ட வேகத்திலேயே பிரேக், ஸ்டியரிங் இழுப்பு, கியர் எல்லாம் தெரிந்துவிடும். வேகம் காட்டச் சொல்பவரிடம் மறுத்துவிடுங்கள். அவர் விரும்பும் மெக்கானிக்கிடம் காரைக் கொண்டு போய்க் காட்டச் சம்மதியுங்கள், ஆனால் கூடவே நீங்களும் செல்லுங்கள்.

பணமும் பெயர் மாற்றமும்

முற்பணம் வாங்கினால், எவ்வளவு, எத்தனை நாட்களுக்கு, வாங்காவிட்டால் திருப்பித் தருவதா இல்லையா என்பதை இருவரும் வாசிக்கக்கூடிய மொழியில் எழுதிக் கையொப்பமிடுங்கள். மீதியைக் காசோலையாக ஏற்க வேண்டாம். வங்கிக்குச் சேர்ந்தே சென்று உங்கள் கணக்குக்குப் பணத்தை மாற்றிக்கொள்வதே பாதுகாப்பானது. உடனடி இணையப் பரிமாற்றத்தில் ஒரு தடவைக்கு 50 இலட்சம் ரூபாய் வரை மட்டுமே அனுப்பலாம், அதற்குள்ளும் ஒவ்வொரு வங்கிக்கும் வாடிக்கையாளருக்கும் தனி எல்லை உண்டு. அதற்கு மேலான தொகைக்கு ஆர்.ரி.ஜி.எஸ். முறையை வங்கி அலுவலர் செய்து தருவார். வெள்ளிக்கிழமை மாலையில், வங்கி மூடும் வேளையில், வைப்புச் சீட்டின் படத்தைக் கைபேசியில் காட்டிச் சாவியைக் கேட்பவரிடம் திங்கட்கிழமை வரச் சொல்லுங்கள். கணக்கில் தொகை வந்ததை நீங்களே பார்க்கும் வரை சாவியும் சான்றிதழும் உங்கள் கையில் இருக்க வேண்டும்.

வாகனம் கைமாறினால் 14 நாட்களுக்குள் பழைய உரிமையாளர் அறிவிக்கவும் புதிய உரிமையாளர் தம் பெயருக்குப் பதிய விண்ணப்பிக்கவும் வேண்டும். இதை வாங்குபவரின் பொறுப்பில் விட்டுவிட்டு வீட்டுக்கு வரக்கூடாது. கையொப்பமிட்ட தாள்களை வெறுமையாகக் கொடுத்தால் அவை கை மாறிக்கொண்டே போகும். கார் மூன்றாவது ஆளிடம் இருக்கும்போது நடக்கும் விபத்துக்கும் குற்றத்துக்கும் பொலிஸார் முதலில் தேடி வருவது பதிவிலுள்ள பெயரைத்தான். இந்த வகைக் கார்கள் வேகமாக ஓட்டப்படுபவை, அடிக்கடி கைமாறுபவை என்பதால் ஆபத்து இரட்டிப்பு. பணம் வந்த மறுநாளே வாங்குபவருடன் நாரஹேன்பிட்டியிலோ வேரஹேரவிலோ உள்ள திணைக்கள அலுவலகத்துக்குச் சென்று, விண்ணப்பத்தைக் கொடுத்து, ஏற்றுக்கொண்டதற்கான சீட்டின் பிரதியை வாங்கி வருவது உங்கள் பாதுகாப்புக்கு அவசியம். இதற்காக ஒரு நாள் லீவு எடுக்க வேண்டியிருந்தாலும் எடுங்கள்.

காரைக் கையளிக்கும் போது திகதியையும் நேரத்தையும் மீற்றரில் உள்ள கிலோமீற்றரையும், ‘உள்ளவாறு பார்த்து வாங்கினேன்’ என்ற வாசகத்தையும், நீங்கள் முன்பு எழுதி வைத்த குறைகளின் பட்டியலையும் ஒரே தாளில் சேர்த்து, இருவரும் இரண்டு பிரதிகளில் கையொப்பமிடுங்கள். பாகங்களின் பட்டியலைச் சரிபார்த்து ஒவ்வொன்றாக எண்ணிக் கொடுங்கள். காரை இதுவரை பார்த்த மெக்கானிக்கின் பெயரையும் அவர் சம்மதித்தால் தொலைபேசி எண்ணையும் கொடுப்பது வாங்குபவருக்குப் பேருதவி. எந்த எண்ணெய், எந்த பிளக், எந்தத் திருத்தம் எப்போது என்ற குறிப்பேடு இருந்தால் அதுவும் காருடன் போக வேண்டும்.

அதன் பின் காப்புறுதி நிறுவனத்துக்கு எழுத்தில் அறிவித்து உங்கள் ஒப்பந்தத்தை நிறுத்துங்கள். காலம் மீதமிருந்தால் கட்டணத்தில் ஒரு பகுதி திரும்பக் கிடைக்குமா என்றும் கேளுங்கள். சில வாரங்களில் வாகன எண்ணைக் கொண்டு பதிவு விவரங்களைப் பார்த்து, உரிமையாளர் பெயர் மாறிவிட்டதை உறுதிசெய்துகொள்ளுங்கள். மாறாதிருந்தால், கையிலுள்ள பிரதிகளுடன் திணைக்களத்துக்கு மீண்டும் செல்ல வேண்டியதுதான். பெயர் மாறிய பின்னரும் அந்தப் பிரதிகளை எறியாமல் வைத்திருங்கள். கையளித்த நாளைச் சுற்றிய ஏதேனும் தண்டப்பணமோ விசாரணையோ பிந்தி வந்தால், திகதியும் நேரமும் எழுதிய அந்தத் தாள்தான் உங்களுக்குச் சாட்சி.